கையெழுத்துப் போடுமுன் ஒரு கேள்வி

ஊத்துக்கோட்டையைத் தாண்டி, சுருட்டப்பள்ளியில் பள்ளிகொண்ட சிவனைத் தரிசித்துவிட்டு, புத்தூர் சாலையில் மேலும் சிறிது தூரம் போனால் நாகலாபுரம் வரும். கிருஷ்ணதேவராயர் தம் தாயார் நாகலாதேவியின் பெயரால் அமைத்த ஊர் என்பார்கள். அங்கே மச்சாவதாரப் பெருமாளான வேதநாராயண சுவாமியின் மேல், பங்குனி மாதத்தில் சில நாட்கள் மாலைச் சூரியனின் கதிர் நேராக வந்து விழும். அதைக் காண வெளியூர்களிலிருந்தும் கூட்டம் வரும். கோயிலைப் பற்றி எழுதப் பலர் இருக்கிறார்கள். நான் எழுத வந்தது அந்தப் பக்கத்துப் பள்ளிக்கூடங்களைப் பற்றி.

அது எல்லைப் பிரதேசம். 1953 அக்டோபர் 1-ல் ஆந்திர மாநிலம் பிறந்தது. எல்லைத் தகராறு படாஸ்கர் தீர்ப்பின்படி 1960 ஏப்ரல் 1-ல் ஒரு முடிவுக்கு வந்தது. திருத்தணி சென்னை மாநிலத்துக்கு வந்தது. செங்கல்பட்டு மாவட்டத்திலிருந்த சத்தியவேடு பகுதி ஆந்திராவுக்குப் போயிற்று. சித்தூர் மாவட்டத்தில் இருந்த நாகலாபுரம், 2022 ஏப்ரல் முதல் புதிய திருப்பதி மாவட்டத்தில் இருக்கிறது. பஸ்ஸின் பெயர்ப்பலகை தெலுங்கு; பஸ்ஸுக்குள் பேச்சு பாதி தமிழ். எல்லை மண்டலங்களில் தமிழ் வழி அரசுப் பள்ளிகளும் உண்டு.

சென்ற ஆண்டு பொங்கலுக்கு ஊர் போயிருந்தபோது, அந்தப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் இருக்கும் என் அக்கா மகள் வீட்டில் இரண்டு நாள் தங்கினேன். அவள் தன் மகன் படிக்கும் சிறிய தொடக்கப்பள்ளியின் நிர்வாகக் குழுவில் உறுப்பினர். ஒரு ஜெராக்ஸ் தாளைக் கொண்டுவந்து கொடுத்தாள்.

"கையெழுத்துப் போடச் சொன்னாங்க மாமா, போட்டேன். தெலுங்கு பேசுவேன், படிக்க அவ்வளவா வராது. இதுல என்ன எழுதியிருக்குன்னு பார்த்துச் சொல்லுங்க."

படித்துப் பார்த்தேன். அந்த ஆண்டுக்கு வந்த பள்ளி மானியத்தின் செலவுக் கணக்கு அது. வெள்ளையடித்தது, சாக்பீஸ், துடைப்பம், பினாயில், குழாய் ரிப்பேர், மின் கட்டணம். ஒரு ரூபாய்கூட இடிக்கவில்லை. "எல்லாம் சரியாத்தான் இருக்கும்மா" என்றேன்.

பக்கத்தில் அவள் மகன் உட்கார்ந்திருந்தான். நான்காம் வகுப்பு. என் பையில் இருந்த தமிழ்ச் சங்க மலரைக் கொடுத்து, "எங்கே, இதைப் படி பார்க்கலாம்" என்றேன். எழுத்துக் கூட்டிக் கூட்டி முதல் வரியின் பாதியிலேயே நின்றுவிட்டான். அப்போது அவள் கேட்டாள்: "கணக்கு சரியா இருக்குன்னா, இவனுக்கு ஏன் மாமா படிக்க வரல?"

எனக்குப் பதில் தெரியவில்லை. அமெரிக்கா திரும்பிய பின்னும் அந்தக் கேள்வி விடவில்லை. அதைப் பின்தொடர்ந்து படித்ததில் தெரிந்துகொண்டவற்றையே இங்கே எழுதுகிறேன். இந்தக் கேள்வி நாகலாபுரத்தோடு முடிவதில்லை என்பதும் அதில் ஒன்று.

பணம் வரும் வழி

இந்தியாவில் பள்ளிக்கல்விக்கு மத்திய அரசு தரும் பணத்தின் பெரும்பகுதி 'சமக்ர சிக்ஷா' என்ற திட்டத்தின் வழியாக வருகிறது. 2001-ல் தொடங்கிய 'சர்வ சிக்ஷா அபியான்', உயர்நிலைப் பள்ளிகளுக்கான திட்டம் ஆகியவற்றை 2018-ல் ஒன்றாகச் சேர்த்ததே இது. ஆந்திரா, தமிழ்நாடு போன்ற பெரும்பாலான மாநிலங்களில் செலவில் நூற்றுக்கு அறுபது மத்திய அரசுடையது, நாற்பது மாநில அரசுடையது. ஒவ்வோர் ஆண்டும் மாநிலம் ஒரு திட்டம் தீட்டி டில்லிக்கு அனுப்பும். டில்லியில் ஒரு வாரியம் உட்கார்ந்து அதை வெட்டிக் கூட்டி ஒப்புதல் தரும். பிறகே பணம் நகரும்.

அந்தப் பணம் நகராமலும் போகலாம். எல்லைக்கு இந்தப் பக்கம் ஊத்துக்கோட்டைப் பள்ளிகள் தமிழ்நாட்டைச் சேர்ந்தவை. 2024-25ஆம் ஆண்டுக்குத் தமிழ்நாட்டுக்கு வரவேண்டிய ரூ. 2,152 கோடி, தேசியக் கல்விக் கொள்கை சம்பந்தமான கருத்து வேறுபாட்டில் நின்றுபோய், 2025 மே மாதம் தமிழக அரசு உச்ச நீதிமன்றம் வரை போனது நினைவிருக்கலாம்.

பள்ளியின் கைக்கு நேரடியாக வருவது இதில் ஒரு சிறு துளி. அதற்குக் கூட்டுப் பள்ளி மானியம் என்று பெயர். தொகை தலைக்கணக்கில் தீர்மானமாகிறது. 30 குழந்தைகள் வரை இருந்தால் ஆண்டுக்கு ரூ. 10,000. அதற்கு மேல் 100 வரை ரூ. 25,000. 250 வரை ரூ. 50,000. 1,000 வரை ரூ. 75,000. அதற்கும் மேல் ஒரு லட்சம். இதில் குறைந்தது பத்தில் ஒரு பங்கைச் சுகாதாரத்துக்குச் செலவிட வேண்டும். இதைத் தவிர, தொடக்கப்பள்ளிக்கு நூலகத்துக்கென 5,000 ரூபாய் வரையிலும், விளையாட்டுக்கென 5,000 ரூபாய் வரையிலும் தனி மானியம் உண்டு.

முப்பத்தோராவது குழந்தை

ஒரு சிறு கணக்குப் போடுவோம். 30 குழந்தைகள் உள்ள பள்ளிக்கு 10,000 ரூபாய். சுகாதாரத்துக்கு 1,000 போக மீதி 9,000. கல்வி உரிமைச் சட்டப்படி தொடக்கப்பள்ளி குறைந்தது 200 நாள் நடக்க வேண்டும். ஆக, ஒரு நாளைக்கு 45 ரூபாய். பள்ளிக்கூடம் முழுவதற்கும் சேர்த்து 45 ரூபாய்! நம் ஊரில் இரண்டு பேர் டிபன் சாப்பிடக்கூட அது போதாது.

அதே பள்ளியில் முப்பத்தோராவது குழந்தை ஒன்று சேர்ந்தால் மானியம் 25,000 ஆகிவிடும். மாறாக, 31 இருந்த இடத்தில் ஒரு குடும்பம் தன் பிள்ளையைத் தனியார் பள்ளி வேனில் ஏற்றிவிட்டால், 15,000 ரூபாய் அந்தக் குழந்தையோடு வேன் ஏறிப் போய்விடும். பள்ளி சரியில்லை என்று பிள்ளைகள் போகிறார்கள். பிள்ளைகள் போவதால் பணம் குறைகிறது. பணம் குறைவதால் பள்ளி மேலும் சரியில்லாமல் போகிறது. தமிழ் வழிப் பள்ளிகளுக்கு இது இரட்டைச் சுமை. ஒரு பள்ளியில் 40 பேரோ, ஒரு வகுப்பில் 10 பேரோ தாய்மொழிக் கல்வி கேட்டால் அதற்கு ஏற்பாடு செய்ய வேண்டும் என்பது 1949-ல் கல்வி அமைச்சர்கள் மாநாட்டில் ஏற்கப்பட்ட நெறி. 1956-ல் அரசியல் சட்டத்தில் சேர்ந்த 350-ஏ பிரிவும் தொடக்க வகுப்பில் தாய்மொழிக் கல்விக்கு வசதி செய்யச் சொல்கிறது. சட்டம் இருந்தாலும் கேட்பதற்குத் தலைகள் வேண்டுமே!

யார் சரிபார்க்கிறார்கள்?

சரிபார்ப்பவர்களுக்குப் பஞ்சமில்லை. மண்டலக் கல்வி அதிகாரி வருவார். மாவட்ட அலுவலகம் கணக்குக் கேட்கும். பயன்பாட்டுச் சான்றிதழ் போகவேண்டும். மேலே தலைமைக் கணக்குத் தணிக்கை அதிகாரி இருக்கிறார். ஊர் மக்களே கணக்கைப் பார்க்கும் சமூகத் தணிக்கையும் உண்டு. நூறு நாள் வேலைத் திட்டத்தில் அதைப் பெரிய அளவில் நடத்தி நாட்டுக்கே வழிகாட்டியது ஒன்றுபட்ட ஆந்திரப் பிரதேசம்தான்.

பள்ளியிலேயே ஒரு காவல் இருக்கிறது. 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கும் கல்வி உரிமைச் சட்டம், ஒவ்வொரு அரசுப் பள்ளிக்கும் ஒரு நிர்வாகக் குழு வேண்டும் என்கிறது. அதில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர். குழுவில் பாதிப் பேர் பெண்கள். மானியச் செலவைக் கண்காணிப்பதும், பள்ளி வளர்ச்சித் திட்டம் தயாரிப்பதும் அந்தக் குழுவின் வேலை. ஆந்திராவில் 2019-க்குப் பின் 'நாடு-நேடு' என்ற திட்டத்தின் முதல் கட்டத்தில் சுமார் 15,700 பள்ளிகளில் கழிப்பறை, குடிநீர், மின்விசிறி, மேசை நாற்காலி என்று வேலை நடந்தபோது, பணத்தைக் கையாண்டது பெற்றோர் குழுக்களே. 2024 டிசம்பர் 7-ல் மாநிலம் முழுவதும் ஒரே நாளில் பெற்றோர்-ஆசிரியர் கூட்டம் நடத்தினார்கள். ஆகவே வாசல் திறந்துதான் இருக்கிறது.

பிறகு எங்கே குறை? டில்லியிலுள்ள கொள்கை ஆய்வு மையத்தின் ஒரு பிரிவு 2009 முதல் சில ஆண்டுகள் 'பைசா' என்ற பெயரில் பள்ளி மானியங்களைப் பின்தொடர்ந்து ஆராய்ந்தது. அன்றைய ஆந்திராவின் மேதக் மாவட்டமும் அதில் இடம்பெற்றது. பல பள்ளிகளுக்கு நிதியாண்டில் பாதி போன பிறகே பணம் வந்து சேர்ந்தது. மார்ச் முடிவதற்குள் செலவு காட்டியாக வேண்டும். அவசரத்தில் எது சுலபம்? சுண்ணாம்பு! பல பள்ளிகள் வெள்ளையடித்துக் கணக்கை முடித்தன. 2021 முதல் பணம் வரும் முறை மாறியிருக்கிறது. பள்ளிக் கணக்கில் பணம் தங்குவதில்லை. செலவு வரம்பு மட்டும் தருகிறார்கள். ஆண்டு முடிவில் பயன்படுத்தாத வரம்பு போய்விடும். அவசரம் மட்டும் மாறவில்லை.

இத்தனை பேர் பார்த்தும் எல்லோரும் கேட்பது ஒரே கேள்வி: 'செலவு செய்தாயா?' என் அக்கா மகள் கேட்ட கேள்வி வேறு: 'செலவு செய்ததால் என் பிள்ளைக்கு என்ன வந்தது?'

ஆந்திராவில் நடந்த ஓர் ஆராய்ச்சி

இந்த இரண்டாவது கேள்வியை ஆந்திராவிலேயே முறையாகக் கேட்டுப் பார்த்திருக்கிறார்கள். கலிபோர்னியா சான் டியேகோ பல்கலைக்கழகப் பேராசிரியர் கார்த்திக் முரளிதரனும் வேறு சிலரும், ஆந்திர அரசு, அசீம் பிரேம்ஜி அறக்கட்டளை, உலக வங்கி ஆகியோர் துணையுடன் 2005-ல் தொடங்கிய ஆராய்ச்சி அது. சில பள்ளிகளுக்கு மட்டும் நோட்டு, பயிற்சிப் புத்தகம் போன்றவை வாங்கக் கூடுதல் மானியம் கொடுத்து, கொடுக்காத பள்ளிகளோடு ஒப்பிட்டார்கள். 2013-ல் வெளியான முடிவு சிந்திக்க வைப்பது. எதிர்பாராமல் பணம் வந்த முதல் ஆண்டில் குழந்தைகளின் மதிப்பெண் கூடியது. இரண்டாம் ஆண்டில் பலன் காணவில்லை. காரணம் என்ன? பள்ளியே வாங்கித் தரும் என்று தெரிந்ததும், பெற்றோர் தாங்கள் நோட்டுப் புத்தகத்துக்குச் செலவிட்டதைக் குறைத்துக்கொண்டார்கள்.

இதில் பெற்றோரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. நோட்டுக்கு வைத்த காசு அரிசிக்குப் போயிருக்கும். நாம் தெரிந்துகொள்ள வேண்டியது, பணம் வருவது வேறு, படிப்பு வருவது வேறு என்பதே. கிராமப்புற அரசுப் பள்ளிகளில் ஐந்தாம் வகுப்புக் குழந்தைகளில் இரண்டாம் வகுப்புப் பாடத்தைப் படிக்க முடிந்தவர்கள் நாடு முழுவதும் நூற்றுக்கு 45 பேர்கூட இல்லை என்று 2024-ஆம் ஆண்டின் 'அசர்' அறிக்கை சொல்கிறது. அதே வேளையில், குழந்தை எந்த வகுப்பு என்று பார்க்காமல் எந்த அளவு படிக்க வருகிறது என்று பார்த்து, குழுவாகப் பிரித்துத் தினமும் ஒரு மணி நேரம் போலக் கற்பிக்கும் 'பிரதம்' நிறுவனத்தின் முறை பல மாநிலங்களில் நல்ல பலன் தந்திருக்கிறது. அதற்கு அதிகப் பணம் வேண்டாம். பள்ளி நேரத்தில் ஒரு பகுதியை ஒதுக்க வேண்டும்.

நாம் குடியேறிய நாட்டில்

அமெரிக்காவில் கதை வேறாக இருக்கும் என்று எண்ணியிருந்தேன். ஏழைக் குழந்தைகள் அதிகமுள்ள பள்ளிகளுக்கு மத்திய அரசு தரும் 'டைட்டில் ஒன்' உதவி 1965 ஏப்ரல் 11-ல் பிறந்தது. ஜனாதிபதி லிண்டன் ஜான்சன், டெக்சாசில் தாம் சிறுவயதில் படித்த ஓரறைப் பள்ளிக்கூடத்தின் முன் உட்கார்ந்து, தம் முதல் ஆசிரியையைப் பக்கத்தில் அமர்த்திக்கொண்டு கையெழுத்திட்ட சட்டம் அது. நான்கே ஆண்டுகளில், 1969-ல், ரூபி மார்ட்டின், பிலிஸ் மெக்ளூர் என்ற இரு பெண்மணிகள் தணிக்கை அறிக்கைகளை அலசி ஒரு புத்தகமே வெளியிட்டார்கள். ஏழைக் குழந்தைகளுக்கான பணம் பல இடங்களில் பொதுச் செலவில் கரைந்திருந்தது. நீச்சல் குளங்களுக்குக்கூடப் போயிருந்தது. அதன் பிறகே, மத்தியப் பணம் உள்ளூர்ப் பணத்தோடு கூடுதலாகச் சேர வேண்டுமே தவிர அதற்கு மாற்றாக ஆகக்கூடாது என்ற விதியை இறுக்கினார்கள்.

இப்போது டைட்டில் ஒன் ஆண்டுக்குச் சுமார் 1,800 கோடி டாலர். 2015 டிசம்பரில் ஜனாதிபதி ஒபாமா கையெழுத்திட்ட சட்டப்படி, ஒவ்வொரு மாநிலமும் குறைந்தது மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை, இந்த உதவி பெறும் பள்ளிகளில் மிகவும் பின்தங்கிய ஐந்து சதவீதத்தை அடையாளம் காண வேண்டும். பிள்ளைகளில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் பட்டம் பெறாமல் நிற்கும் உயர்நிலைப் பள்ளிகளும் பட்டியலில் சேரும். டைட்டில் ஒன் பணத்தில் ஏழு சதவீதத்தை இப்படிப்பட்ட பள்ளிகளை முன்னேற்ற மாநிலம் ஒதுக்கிவைக்க வேண்டும். பின்தங்கிய பள்ளிகள் அதிகமுள்ள கல்வி மாவட்டங்களில், பணமும் ஆசிரியர்களும் எப்படிப் பங்கிடப்படுகின்றன என்று மாநிலம் அவ்வப்போது ஆய்வு செய்ய வேண்டும். ஒவ்வொரு பள்ளியிலும் ஒரு மாணவருக்கு எவ்வளவு செலவாகிறது என்பதையும் வெளியிட வேண்டும்.

இத்தனைக்குப் பிறகும் பணம் மட்டும் போதவில்லை. 2015-ன் சட்டத்துக்கு முன், மிகப் பின்தங்கிய பள்ளிகளுக்கென்று சுமார் 700 கோடி டாலர் மானியம் வழங்கினார்கள். அமெரிக்கக் கல்வித் துறையின் சொந்த ஆய்வே 2017 ஜனவரியில் சொன்னது: மதிப்பெண்ணிலோ, பட்டம் பெறுவதிலோ, கல்லூரியில் சேர்வதிலோ குறிப்பிடத்தக்க மாற்றம் காணவில்லை.

எனக்கு வந்த கடிதம்

இங்கே ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். நாங்கள் முன்பு குடியிருந்த பகுதியில் என் மகன் படித்த பள்ளியிலிருந்து ஒருநாள் ஒரு கடிதம் வந்தது. பள்ளி பின்தங்கியவற்றில் ஒன்றாக அடையாளம் காணப்பட்டுள்ளது, முன்னேற்றத் திட்டம் தயாரிக்கப் பெற்றோர் கூட்டத்துக்கு வாருங்கள் என்று எழுதியிருந்தது. கடிதத்தைக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டிவைத்தோம். கூட்டத்துக்குப் போகவில்லை. அதற்குப் பதில், அதே கல்வி மாவட்டத்தின் மறுகோடியில் 'நல்ல பள்ளி' இருக்கும் பகுதியில் வீடு தேடினோம். ஆறு மாதத்தில் குடிமாறினோம்.

நாகலாபுரத்தில் வேன் ஏறிப்போன முப்பத்தோராவது குழந்தை யார் என்று இப்போது எனக்குத் தெரிகிறது. பிள்ளையின் நலனுக்காகக் குடிமாறுவது தவறு என்று நான் சொல்ல வரவில்லை. நம்மில் பலர் செய்வது அதுதான். ஆனால் புதிதாக வந்து, வாடகை குறைந்த இடத்தில் குடியிருந்து, மாறிப்போக வழியில்லாத தமிழ்க் குடும்பங்களும் நம் சங்கத்தில் இருக்கின்றன. அவர்கள் பிள்ளைகள் அதே பள்ளியில்தான் படிக்கிறார்கள். அந்தக் கூட்டத்தில் கணக்குக் கேட்கத் தெரிந்த ஒருவன் எழுந்து போய்விட்டான்.

கேட்க வேண்டியவை

பின்தங்கிய பள்ளிக்கான திட்டத்தைப் பெற்றோரையும் சேர்த்துக்கொண்டு தயாரிக்க வேண்டும் என்று அமெரிக்கச் சட்டம் சொல்கிறது. டைட்டில் ஒன் பள்ளிகள் ஆண்டுக்கு ஒருமுறை பெற்றோர் கூட்டம் கூட்டியே ஆக வேண்டும். இந்தியச் சட்டம் நிர்வாகக் குழுவில் நாற்காலியே போட்டிருக்கிறது. அங்கானாலும் இங்கானாலும் பெற்றோர் கேட்கக்கூடிய ஐந்து கேள்விகளை எழுதுகிறேன்.

1. இந்த ஆண்டு எவ்வளவு பணம் வந்தது? எந்த மாதம் வந்தது?

2. எதற்குச் செலவிடுவது என்று எப்போது, யார் தீர்மானித்தார்கள்? தீர்மானத்தைக் கூட்டத்தில் எல்லோருக்கும் புரியும் மொழியில் படித்துக் காட்டினார்களா?

3. இந்தச் செலவு எந்தக் குழந்தைகளின் எந்தக் குறையைத் தீர்க்க? சுவருக்கா, பிள்ளைக்கா?

4. சென்ற ஆண்டு செய்தவற்றில் பலன் தந்தது எது? பலன் தராததை நிறுத்தினோமா?

5. நம் மொழிக்கு இடமிருக்கிறதா? அங்கே என்றால் நூலக மானியத்தில் எத்தனை தமிழ்ப் புத்தகம்? இங்கே என்றால் ஆங்கிலம் சரளமாக வராத பெற்றோருக்கு மொழிபெயர்ப்பாளர் உண்டா?

இவற்றைச் சண்டைக்குப் போவது போலக் கேட்க வேண்டியதில்லை. அரசுப் பள்ளி ஆசிரியர்கள் பலர் ஒற்றை ஆளாக இரண்டு மூன்று வகுப்புகளை மேய்த்துக்கொண்டு, மதிய உணவுக் கணக்கும் எழுதுகிறவர்கள். கேட்பார் ஒருவர் இருந்தால் அவர்களுக்கும் ஒரு துணைதான். ஊர்ப் பள்ளிக்கு நன்கொடை அனுப்பும் நம் அன்பர்களுக்கும் இதையே சொல்வேன். கம்ப்யூட்டர் வாங்கித் தருமுன், ஏற்கெனவே வந்த அரசுப் பணம் என்ன ஆயிற்று என்று நிர்வாகக் குழுவின் தாய்மார்களைக் கேளுங்கள். உங்கள் நன்கொடையைவிட உங்கள் கேள்வி அதிக நாள் உழைக்கும்.

இந்த ஐந்தையும் அக்கா மகளுக்கு எழுதி அனுப்பினேன். சென்ற மாதம் போனில் பேசினாள்.

"கூட்டத்துல கேட்டேன் மாமா. சார் கோவிச்சுக்குவாருன்னு பயந்தேன். 'இத்தனை வருஷத்துல யாரும் கேக்கலம்மா'ன்னு சொல்லிட்டு அலமாரியைத் திறந்து காட்டினார். புத்தகம் நிறைய இருக்கு, தமிழ்ல பதினொண்ணுதான். இவ்வளவு நாள் கிழிஞ்சுடும்னு பூட்டியே வச்சிருந்தாங்களாம். இப்ப மத்தியானச் சாப்பாட்டுக்கு அப்புறம் அரை மணி நேரம் வெளியே எடுத்துக் குடுக்கறாங்க. அடுத்த வருஷ லிஸ்ட்ல தமிழ்ப் புத்தகம் சேக்கறதுன்னு தீர்மானம் எழுதினோம். இந்தத் தடவை படிச்சுக் காட்டச் சொல்லிட்டுத்தான் கையெழுத்துப் போட்டேன்."

"பையன் படிக்கிறானா?" என்றேன்.

"ரெண்டு வரி நிக்காம படிக்கிறான். இன்னும் போகணும் மாமா."

எங்கள் கல்வி மாவட்டத்தின் டைட்டில் ஒன் கூட்டம் அடுத்த வாரம் நடக்கிறது. நாங்கள் விட்டு வந்த பள்ளியும் அந்தப் பட்டியலில் இருக்கிறது. இந்த முறை போகிறேன். அங்கே இன்னும் பிள்ளைகளைப் படிக்கவைத்திருக்கும் நம் குடும்பங்கள் இரண்டையும் உடன் அழைத்திருக்கிறேன். வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.